டீச்சரம்மா தேடிய வேறு காரணங்கள்

டீச்சரம்மாவோடு இனிமேல் பரோட்டா சாப்பிடப் போகக் கூடாது என்று முதல் தடவையே முடிவு செய்துவிட்டேன்.

விருதுநகர் பரோட்டாக் கடைகள் எல்லாம் அந்த வாரம் விலையை ஏற்றியிருந்தன. நானும் என் மனைவி ஜைத்தூனும் அவரைச் சாப்பிட அழைத்துப் போயிருந்தோம். இலையில் எண்ணெய்ப் பரோட்டா மொறுமொறுவென்று வந்து விழுந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"பாத்தீங்களா மேடம், எல்லாக் கடைக்காரனும் பேசி வச்சு ஏத்திட்டானுக."

வாய்க்குக் கொண்டுபோன துண்டை அவர் இலையிலேயே வைத்துவிட்டார்.

"பேசி வச்சாகன்னு யாரு சொன்னா? மைதா ஏறியிருக்கலாம்ல? பாமாயில் ஏறியிருக்கலாம்ல? வேற காரணம் இருக்கலாம்ல, வக்கீல் சார்?"

சொல்லிவிட்டுச் சாப்பிட்டிருந்தால் பிரச்சினை இல்லை. எழுந்தார். கையைக் கழுவினார். கல்லாவில் இருந்தவரிடம் போய், மைதா மூட்டை இப்போது என்ன விலைக்கு வருகிறது, என்றைக்கு ஏறியது, நீங்கள் என்றைக்கு ஏற்றினீர்கள் என்று கேட்டார். விற்பனை வரி ஆபீஸிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று நினைத்து அந்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார். அங்கே முடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து எதிரே இருந்த கடைகளுக்கும் போனார். திரும்பி வரும்போது சால்னாவில் ஆடை படிந்திருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"இந்தக் கடைக்காரர் திங்கக்கிழமை ஏத்தியிருக்காரு. மத்தவுக அதைப் பாத்துட்டு மறுநாள் ஏத்தியிருக்காக. பாத்துட்டுப் பின்னால போறது வேற, பேசி வச்சுக்கிட்டுப் போறது வேற. ரெண்டையும் ஒண்ணாப் பேசாதீங்க."

ஆறிப்போன பரோட்டாவைப் பிய்த்துத் தின்றபோது ஜைத்தூன் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு அவரை மிகவும் பிடிக்கும். அவரோடு வேலை பார்த்தது நான் என்பதால் எனக்கு அந்த வசதி இல்லை.

அவர் எங்கள் ஊரில் ஒரு கல்லூரியில் பொருளியல் சொல்லிக்கொடுத்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். சொந்த ஊர் மல்லாங்கிணறு. ஒல்லியான உடம்பு, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம், வெயிலில்லாத நாளிலும் கையில் ஒரு கறுப்புக் குடை. சாத்தூர் காராச்சேவு இல்லாமல் அவருக்குக் கணக்கு ஓடாது. அதனால் அவர் தொட்ட காகிதம் எல்லாவற்றிலும் எண்ணெய்க் கறை இருக்கும். மாணவிகள் அவருக்கு 'வேறகாரணம் மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று ஜைத்தூன் ஒருநாள் கேட்டபோது நாலைந்து காரணம் சொன்னாராம். கடைசியில், "இதுல எதுன்னு எனக்கே உறுதியாத் தெரியலக்கா" என்று முடித்தாராம்.

நான் இதற்கு நேர்மாறான ஆள். எங்கள் அத்தா பருப்பு மொத்த வியாபாரி. சாயங்காலம் கடை அடைக்குமுன் நாலு கடைக்குப் போன் போட்டு, "நாளைக்கு என்ன போடுறீக?" என்று அவர் கேட்பதைக் கேட்டே வளர்ந்தவன். வியாபாரிகள் கூட்டுச் சேர்வதை மோப்பத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. இதை அவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"கேட்டுத் தெரிஞ்சுக்கிடறதும் ஒத்துக்கிடறதும் ஒண்ணா சார்? உங்க அத்தா கேட்டுட்டு அதே விலையத்தான் போட்டாகளா, இல்ல ஒரு ரூவா கொறச்சுப் போட்டாகளா?"

எனக்குத் தெரியவில்லை. அன்றிரவு அத்தாவிடம் கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "யாரு உன்ட்ட இதெல்லாம் கேக்கச் சொன்னா?" என்றார்.

இப்படிப்பட்டவரை நானே தேடிப் போய் என் தலையில் கட்டிக்கொண்டதற்குக் காரணம் அட்டைப்பெட்டி.

அச்சங்குளம் பக்கத்துச் சின்னப் பட்டாசு முதலாளிகள் பத்துப் பேருக்கு மேல் ஒருநாள் என் ஆபீஸுக்கு வந்தார்கள். முன்னால் நின்றவர் தங்கமணி அண்ணாச்சி. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நாலு தெருவுக்குக் கேட்கிற குரல்.

"வக்கீலய்யா, நாலு பெட்டிக் கம்பெனிக்காரனும் ஒண்ணு சேந்துட்டான். ஆடி பொறந்தா ஒரே நாளுல வெலய ஏத்துறான். சீசன்ல பெட்டி இல்லாம லோடு அனுப்ப முடியுமா? வேற ஊருல வாங்கலாம்னா பெட்டி வெலய விட லாரி வாடகை ஆளத் தின்னுருது. பெரிய கம்பெனிக்காரன் தாங்குவான். நாங்க எங்கன போக?"

அவர் சொன்னது பொய்யில்லை. அவர்களில் ரெண்டு பேர் அந்த வருடமே யூனிட்டை மூடுகிற நிலையில் இருந்தார்கள்.

வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்தால் தண்டிக்கிற புதிய போட்டிச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியும், நடைமுறைக்கு வராமல் காகிதத்தில் கிடந்த வருடங்கள் அவை. பழைய சட்டத்தின்படி டெல்லியில் ஓர் ஆணையம் இந்த மாதிரிப் புகார்களை விசாரித்துக்கொண்டிருந்தது. கூட்டுச் சேர்ந்து விலை வைத்தது உண்மை என்று தெரிந்தால், இனிமேல் செய்யாதே என்று உத்தரவு போடும். அவ்வளவுதான். அதற்கே சாட்சி வேண்டும். கூடிப் பேசியவர்கள் யாரும் எழுதி வைத்துவிட்டுப் பேசுவதில்லை. ஆகவே விலைகளை வைத்துத்தான் நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒரு பொருளியல் நிபுணர் வேண்டும். சென்னையிலிருந்து கூட்டி வர என் கட்சிக்காரர்களிடம் வசதியில்லை. உள்ளூரில் இருந்தது இவர் ஒருவர்தான்.

முதல் நாளே அண்ணாச்சிக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது.

"நாலு பேரும் ஒரே வெல டீச்சரம்மா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"உங்க சரவெடியும் பக்கத்து யூனிட் சரவெடியும் என்ன விலை அண்ணாச்சி?"

"எல்லாம் ஏறக்குறைய ஒண்ணுதான்."

"பேசி வச்சீகளா?"

"அது சந்தை வெலம்மா!"

"அப்ப அவுக விலையும் சந்தை விலையா இருக்கலாம்ல?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். இந்தம்மாவை எதிராளிதான் அனுப்பி வைத்தானா என்று அந்தப் பார்வை கேட்டது.

அதன்பின் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. பல வருடத்துப் பெட்டி பில்கள் வேண்டும் என்றார். கொடுத்தோம். பெட்டி செய்கிற பழுப்புக் காகிதம் மில்லிலிருந்து என்ன விலைக்கு வந்தது என்று வேண்டும் என்றார். அலைந்து வாங்கினேன். அட்டையை ஒட்டுகிற பசைக்கான மாவு விலை வேண்டும் என்றார்.

"மேடம், பசை விலையில என்ன இருக்கு?"

"மாவு ஏறி, அதனால பெட்டி ஏறியிருந்துச்சுன்னா, நாம அநியாயமா நாலு பேர் மேல பழி போட்டவங்களாயிருவோம்ல?"

மாவு விலையும் வந்தது. பிறகு மின்வெட்டு நேரம். பிறகு ஜெனரேட்டர் யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை. ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்பார். கோர்ட்டில் என் வழக்குகள் வாய்தா வாங்கிக்கொண்டு நின்றன. அண்ணாச்சி வாரம் ஒருமுறை போன் செய்து, "டீச்சரம்மா இன்னும் மாவு ஆட்டிக்கிட்டா இருக்காக?" என்று கேட்பார்.

ஒருநாள் சிவகாசியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது எரிச்சல் தாங்காமல் கேட்டே விட்டேன். "ஊருக்கே தெரிஞ்ச விஷயத்தை நம்புறதுக்கு உங்களுக்கு என்ன கஷ்டம்?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருடைய அப்பா மிளகாய் வத்தல் மூட்டைகளை வண்டியில் ஏற்றி விருதுநகர் கமிஷன் கடைக்குக் கொண்டுவந்தாராம். நாலு கடையிலும் ஒரே விலை கேட்டார்களாம். எல்லாரும் கூட்டு என்று கத்திவிட்டு மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார் அப்பா. வத்தல் வீட்டிலேயே கிடந்து நிறம் மங்கிப் போனது. நாலு கடைக்காரர்களில் ஒருவர் அப்பாவுக்குச் சின்ன வயதுச் சிநேகிதர். அதற்குப் பிறகு சாகிறவரைக்கும் அப்பா அவரோடு பேசவில்லை. அப்பா இறந்தபோது அந்த மனிதர் மாலையோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டுப் போனாராம்.

"அப்ப அது கூட்டு இல்லையா?" என்றேன்.

"தெரியல. அந்த வருசம் மத்த ஊருல வத்தல் வரத்து எம்புட்டுன்னு தேடிக்கிட்டிருக்கேன். கெடைக்கல."

சொந்த அப்பா விஷயத்திலேயே தீர்ப்புச் சொல்லாத ஆளிடம் நான் அட்டைப்பெட்டிக்குத் தீர்ப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தால் அவர் உட்கார்ந்திருந்தார். ஜைத்தூன் பிரியாணி வைத்திருந்தாள். தட்டைத் தள்ளிவிட்டுக் காகிதங்களை விரித்தார்.

"காகித விலை ரெண்டு வருசமா எறங்கியிருக்கு சார். பெட்டி விலை எறங்கல. மொத விசயம் அது. ரெண்டாவது, முந்தியெல்லாம் நாலு கம்பெனிக்கும் விலையில ஏத்த இறக்கம் இருந்துச்சு. ஒருத்தன் கொறப்பான், ஒருத்தன் கூட்டுவான். திடீர்னு ஒரு சீசன்லேருந்து அந்த ஆட்டமே நின்னுருச்சு. நாலும் ஒண்ணா நடக்குது."

"சரி!"

"மூணாவதுதான் முக்கியம். பட்டியல் விலை நாலுக்கும் ஒண்ணுதான். ஆனா நம்ம ஆளுக ஒவ்வொருத்தருக்கும் ஒரு பெட்டிக் கம்பெனி மட்டும்தான் அதுல கொஞ்சம் கொறச்சுக் கொடுக்குது. மத்த மூணும் கூட்டித்தான் கொடுக்குது. அண்ணாச்சிக்குக் கொறச்சுக் கொடுக்கற கம்பெனி அடுத்தவருக்குக் கூட்டிச் சொல்லுது. எந்த வருசமும் இது மாறல. யாரு வாடிக்கை யாருக்குன்னு பிரிச்சுக்கிட்டா இப்படித்தான் இருக்கும்."

நான் துள்ளி எழுந்தேன். "அப்ப கூட்டுதான்! எழுதிருங்க!"

"இருங்க. இன்னும் ஒண்ணு பாக்கணும்."

ஜைத்தூன் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்குக் கேட்டது.

அவர் பார்க்க வேண்டும் என்றது இதுதான்: பெட்டி விலையால் நம்மவர்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று சொல்ல வேண்டுமானால், அவர்களுடைய மற்றச் செலவுகள் எப்படிப் போயின என்று தெரிய வேண்டும். வெடிமருந்துச் சரக்கு, திரி, கூலி எல்லாம். நியாயமாகத்தான் பட்டது. அச்சங்குளத்துக்கு நானே கூட்டிப் போனேன். இப்போது நினைத்தாலும் என் நெற்றியில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அண்ணாச்சியின் யூனிட்டில் சாப்பாட்டு நேரம். வேப்ப மரத்தடியில் பெண்கள் தூக்குவாளியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். கையெல்லாம் அலுமினியப் பொடி ஒட்டி வெள்ளியாய் மின்னியது. இவர் தன் காராச்சேவுப் பொட்டலத்தை நடுவில் பிரித்து வைத்து அவர்களோடு உட்கார்ந்துவிட்டார். சரவெடி பின்னுகிற முத்துமாரி என்ற பெண்ணோடு பேச்சு ஓடியது. வேகமாகப் பின்னுவதில் அந்த யூனிட்டிலேயே அவள்தான் முதல் என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள்.

"இம்புட்டு வேகமாப் பின்னுறீகளே, பக்கத்து யூனிட்ல கூடக் கேட்டுப் பாக்கலாம்ல?"

"எல்லா யூனிட்லயும் ஒரே கூலிதாம்மா. தீபாவளி முடிஞ்சதும் ஒண்ணுபோலத்தான் ஏத்துவாக. இங்கன விட்டுட்டு அங்கன போனா சேக்க மாட்டாக. எங்கிட்டு வேலை பாத்தன்னு கேட்டு, இங்கன போன் போட்டுக் கேப்பாக. முதலாளிமாரு பேசி வச்சிருக்காகள்ல?"

நான் வாய்க்காலைத் தாண்டுவது மாதிரிப் பேச்சைத் தாண்டிப் போக முயன்றேன். "மேடம், நேரமாச்சு."

அவர் எழுந்திருக்கவில்லை. முத்துமாரி சொன்னதையும் அவர் உடனே நம்பிவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். "வேற காரணம் இருக்கலாம்ல? ஒரே வேலைக்கு ஒரே கூலி இருக்கறது சகஜம்தானே" என்றுதான் என்னிடம் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அடுத்த வாரமே, அண்ணாச்சி கூட்டத்தில் சேராத வேறு பக்கத்து யூனிட்டுகளுக்குப் போய்ப் பின்னல் கூலி விசாரித்துவிட்டு வந்தார். அங்கே யூனிட்டுக்கு யூனிட் கூலி மாறியது. நல்ல கை உள்ளவர்கள் கூடக் கொடுக்கிற இடத்துக்கு மாறிப் போய்க்கொண்டிருந்தார்கள். நம்மவர்களிடம் மட்டும் எல்லாக் கூலியும் ஒரே நாளில் ஒரே அளவு ஏறியது. ஒருவரும் மாறவில்லை.

இதை அறிக்கையில் ஒரு பக்கமாக எழுதிவிட்டார்.

அதை வாசித்த அன்று என் ஆபீஸில் நடந்தது சண்டைதான். அண்ணாச்சி நாற்காலியில் உட்காரவே இல்லை.

"வக்கீலய்யா, நாங்க யாரு மேல புகார் கொடுக்க வந்தோம்? பெட்டிக்காரன் மேலயா, எங்க மேலயா?"

நான் அவரைப் பார்த்து, "மேடம், நாம யாருக்கு வேலை பாக்கோம்? அந்தப் பக்கத்தை எடுத்துருங்க. கூலியைப் பத்தி யாரும் கேக்கவே இல்லையே" என்றேன்.

"எடுத்துட்டா நஷ்டக் கணக்கு நிக்காது சார். கூலி ஏன் இப்படி இருக்குன்னு சொல்லாம மத்தச் செலவைப் பிரிக்க முடியாது."

"ஒரு வரியில பட்டும் படாம எழுதுங்க!"

"அவுக விலை ஒரே நாளுல ஏறுனா கூட்டு. உங்க கூலி ஒரே நாளுல ஏறுனா சந்தையா? தராசு ரெண்டு வச்சுக்கிட்டு எப்படி நிறுக்க?"

அண்ணாச்சி மேசையில் அடித்தார். "நானும் கூலிக்கு மருந்து செலுத்துன ஆள்தாம்மா. இன்னைக்கு ஒருத்தன் கூட்டிக் கொடுத்தான்னா நாளைக்கு எல்லாப் பொம்பளையும் அங்கன போயிரும். சீசன்ல நான் யாரை வச்சுச் சரக்கு எடுக்க? பெட்டிக்காரன் கழுத்தப் புடிக்கான், கூலியும் ஏறுச்சுன்னா நான் மூட வேண்டியதுதான். மூடுனா அந்த முத்துமாரிக்கு யாரு கஞ்சி ஊத்துவா?"

எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. டீச்சரம்மாவின் முகமும் வாடித்தான் போனது. குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, பெட்டிக்காரனும் டெல்லியில இதையேதான் சொல்லுவான். தனித்தனியா நின்னா மூட வேண்டியதாயிரும்னு. அதோட ஒண்ணு. உங்க யூனிட் ஃபோர்மேன் அந்த நாலு பெட்டிக்காரர்ல ஒருத்தருக்கு என்ன முறை வேணும்?"

"மச்சினன்."

"அப்ப உங்க கூலி விவரம் அவுகளுக்குத் தெரியாமலா இருக்கும்? நாம சொல்லலேன்னா அவுக வக்கீல் சொல்லுவாரு. அன்னைக்கு நம்ம மத்தக் கணக்கையும் யாரும் நம்ப மாட்டாக."

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். போச்சு, வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். டீச்சரம்மாவிடம் ஒரு வாரம் நான் பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. ஜைத்தூனுக்குப் போன் செய்து, "சார் வேலையா இருக்காக போல" என்றாராம்.

அண்ணாச்சி திரும்பி வந்தது ஆடி நெருங்கியதால். பெட்டிக் கம்பெனிகள் மறுபடி ஏற்றப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. வாசலில் நின்றுகொண்டே சொன்னார். "எழுதுனது எழுதுனபடியே இருக்கட்டும். போட்டுத் தொலைங்க."

டெல்லியில் விசாரணைக்குப் போனபோது நல்ல குளிர். ஜைத்தூனின் ஸ்வெட்டர் அவருக்குத் தொளதொளவென்று தொங்கியது. பெட்டிக் கம்பெனிகளுக்கு அங்கேயே பேர்போன ஒரு வக்கீல். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது.

"நான்கு நிறுவனத்தாரும் கூடிப் பேசியதை நீங்கள் பார்த்தீர்களா?"

"இல்லை."

"பார்த்தவர் யாரையாவது தெரியுமா?"

"தெரியாது."

"அப்படியானால் அவர்கள் கூட்டுச் சேர்ந்தார்கள் என்று உங்களால் நிச்சயமாகச் சொல்ல முடியுமா?"

ஒரு 'ஆமாம்' போதும். அல்லாஹ்வே, இந்த ஒரு தடவை அவர் வாயில் அதை வர வை என்று வேண்டிக்கொண்டேன்.

"முடியாது," என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி என் காதில், "என்னய்யா சொல்லுது?" என்றார். "நல்லாத்தான் சொல்றாக" என்று சொல்லி வைத்தேன்.

விசாரித்த நீதிபதிக்கே பொறுக்கவில்லை. "பிறகு எதற்கு இந்த அறிக்கை?" என்று கேட்டார்.

டீச்சரம்மா அவசரப்படாமல் சொன்னார். விலைகள் சேர்ந்து ஏற எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். தனக்குத் தோன்றிய ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்ததாகச் சொன்னார். காகிதம் ஏறவில்லை, இறங்கியது. பசை மாவு ஏறியது, ஆனால் பெட்டி விலையில் அதன் பங்கு மிகக் கொஞ்சம். மின்வெட்டு ஜெனரேட்டர் இல்லாதவர்களைத்தான் பாதித்திருக்க வேண்டும். விலையோ நாலு பேருக்கும் ஒன்றாக ஏறியது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரே நிறுவனம் மட்டும் எல்லா வருடமும் குறைவாகக் கேட்பதற்கு, பிரித்துக்கொண்டார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் தனக்குக் கிடைக்கவில்லை.

"எனக்குத் தோன்றாத ஒரு காரணம் இவருக்குத் தோன்றினால் சொல்லட்டும். அதையும் சோதித்துவிட்டு வந்து சொல்கிறேன்."

எதிர் வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். அவரிடம் காரணம் இல்லை. வேறொன்று இருந்தது. அறிக்கையில் கூலியைப் பற்றிய பக்கத்தை எடுத்தார்.

"புகார் கொடுத்தவர்களே கூலியைக் கூடிப் பேசி வைத்திருக்கிறார்கள், இல்லையா?"

"ஆமாம். பெட்டிக்குப் போட்ட அதே சோதனையைக் கூலிக்கும் போட்டேன். அதே பதில்தான் வந்தது. நான்தானே எழுதியிருக்கிறேன்."

அந்த வக்கீல் அதை வைத்து அரை மணி நேரம் பேசத் தயாராக வந்திருப்பார். ஆனால் எதிரில் நின்றவர் மறுக்கவே இல்லை. யாரை மடக்குவது? நீதிபதி கண்ணாடியைக் கழற்றி அவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். பிறகு அறிக்கையில் ஓரிடத்தைத் தொட்டு, "இது என்ன கறை?" என்று கேட்டார். "காராச்சேவு" என்றார். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தமிழிலேயே சொன்னார்.

பல மாதம் கழித்து உத்தரவு வந்தது. நாலு பெட்டிக் கம்பெனிகளும் இனிமேல் கூடி விலை வைக்கக் கூடாது, வாடிக்கையைப் பிரித்துக்கொள்ளக் கூடாது. நிபுணர் தன்னை அழைத்தவர்களையும் விட்டுவைக்கவில்லை, அதனால் அவர் சொன்னதை நம்புகிறோம் என்று ஒரு பத்தி இருந்தது. கூலி விஷயம் இந்த விசாரணைக்குள் வராது என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அப்படி ஒன்று இருந்தது என்பது உத்தரவில் எழுத்தாக ஏறிவிட்டது.

எந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லி நான் தொண்டை கிழியக் கத்தினேனோ, அந்தப் பக்கம்தான் வழக்கை ஜெயிக்க வைத்தது. இதை அவர் ஒருநாளாவது சொல்லிக் காட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். போனில் கூப்பிட்டு, பெட்டி விலை இறங்கிவிட்டது, வாழ்த்துகள் என்றேன்.

"சந்தோசம் சார். ஆனா இப்ப காகிதமும் எறங்கியிருக்கு. உத்தரவுனாலதான் எறங்குச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது."

போனை வைத்துவிட்டேன்.

உத்தரவைப் பற்றிப் பேப்பரில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. அச்சங்குளத்தில் அதை யாரோ மரத்தடியில் சத்தமாக வாசித்திருக்கிறார்கள். அந்தச் சீசனில் ஒரு முதலாளி பேச்சை மீறிக் கூடக் கூலி கொடுத்தார். முத்துமாரி தன்னோடு நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விட்டாள். அண்ணாச்சியும் கூட்ட வேண்டியதாயிற்று. பெட்டியில் மிச்சம் பிடித்ததில் பாதி கூலியில் போனது. யூனிட்டை மூடவில்லை. ஆனால் கடைவீதியில் என்னைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார். டீச்சரம்மாவும் அதே வருடம் வேறு ஊர்க் கல்லூரிக்கு வேலை மாறிப் போனார். ஜைத்தூன் ரயில் ஏற்றிவிட்டு வந்து ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி ஒரு மாதம் போல இருந்தது. அப்புறம் ஆபீஸில் யார் எதைச் சொன்னாலும், இது உண்மைதானா என்று கேட்க ஆளில்லாமல் சப்பென்று போய்விட்டது.

புதிய சட்டம் ஒருவழியாக நடைமுறைக்கு வந்த பிறகு, ஒரு மத்தியானம் அண்ணாச்சி என் ஆபீஸ் படியேறி வந்தார். தலை நரைத்திருந்தது. ஒன்றும் நடக்காதது மாதிரி உட்கார்ந்தார்.

"லாரி செட்டுக்காரனுக ஒண்ணு சேந்து வாடகைய ஏத்திட்டானுகய்யா. இப்ப அபராதமெல்லாம் உண்டாம்ல?"

"உண்டு அண்ணாச்சி. சென்னையில நல்ல ஆளு ஒருத்தர் இருக்காரு, கேட்டுப் பாக்கேன்."

"சென்னை ஆளு எதுக்கு? டீச்சரம்மா போன் நம்பர் இருக்கா?"

நான் அவரை உற்றுப் பார்த்தேன். "அவுக நம்மளப் பத்தியும் எழுதுவாகளே."

"எழுதட்டும். அவுக எழுதுனாத்தான் டெல்லிக்காரன் நம்புறான்."

நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். டீச்சரம்மா நலம் விசாரித்தார், ஜைத்தூனைக் கேட்டார். லாரி வாடகை விஷயத்தை நான் சொல்லச் சொல்ல 'உம்' கொட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும் கேட்டார்.

"அண்ணாச்சி பக்கத்துல இருக்காகளா?"

"இருக்கேம்மா," என்றார் அண்ணாச்சி.

"இந்த வருசம் தீபாவளிச் சரக்குக்கு விலை போட நீங்க எல்லாரும் எங்கயாச்சும் கூடுனீகளா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். துண்டால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக ஒலித்து நான் கேட்டதே இல்லை.

"கூடுனோம்மா."

"சரி," என்றார் டீச்சரம்மா. "அப்ப அதுலேருந்தே ஆரம்பிப்போம்."